அக்குபங்சர் புள்ளிகளை ஒழுங்குபடுத்திய நோயாளி... யார் இந்த ஹுவாங்ஃபூ மி?

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு பள்ளம் கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து உங்கள் கையின் நான்கு விரல்களைச் சேர்த்துவைத்து ஓர் அளவு கீழே வாருங்கள். முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி, நன்றாக அழுத்துங்கள்.

லேசாகக் குடைகிற மாதிரி வலிக்கிறதா? அதுதான் ஸூசான்லி.

அக்குபங்சர் நிலையத்துக்குப் போனவர்களுக்கு இந்த இடம் பழக்கமாக இருக்கும். வயிறு உப்புசம், பசியின்மை, செரிமானக் கோளாறு, உடல் அசதி... எதைச் சொன்னாலும் சீன மருத்துவர் பெரும்பாலும் இங்கே ஓர் ஊசியைக் குத்தாமல் விடமாட்டார். சிங்கப்பூரில் போனாலும் அதே இடம்தான், பினாங்கில் போனாலும் அதே இடம்தான். தோக்கியோவிலும் சோலிலும்கூட அப்படித்தான்.

எப்படி எல்லாருக்கும் ஒரே இடம் தெரிந்தது? யார் அளந்து எழுதிவைத்தது?

பதிலைத் தேடிப் போனால் கிட்டத்தட்ட 1,750 ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். அங்கே இருப்பவர் அரண்மனை வைத்தியர் இல்லை. பாதி உடம்பு மரத்துப்போய், ஒரு கால் சூம்பிப்போய், காது கேட்காமல் படுத்துக் கிடந்த ஒரு புத்தகப் பித்தர். பெயர் ஹுவாங்ஃபூ மி.

ஊர் சுற்றிய பிள்ளை

கி.பி. 215-இல் பிறந்தவர். சொந்த ஊர் ஆன்டிங் வட்டாரம். இன்றைய கன்சு மாநிலத்தின் லிங்தாய் பகுதியை அவருடைய ஊராகச் சொல்வார்கள். சீனாவின் வடமேற்கு, வறண்ட மேட்டு நிலம்.

குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. கொள்ளுத்தாத்தா ஹுவாங்ஃபூ சோங், ஹான் பேரரசின் பெரிய தளபதி. 184-இல் வெடித்த மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தை அடக்கியவர்களில் முக்கியமானவர். ஆனால் ஹுவாங்ஃபூ மி தலையெடுத்தபோது அந்தப் பவிசெல்லாம் போய்விட்டது. வீட்டில் வறுமை. சிறுவயதிலேயே சித்தப்பாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அவருடன் சின்ஆன் என்ற ஊருக்கு, இன்றைய ஹெனான் பக்கம், குடிபெயர்ந்தார்.

20 வயதுவரை படிப்பு என்றால் வேப்பங்காய். ஊர் சுற்றுவது, வெட்டியாய்த் திரிவது... இதுதான் வேலை. புத்தி கொஞ்சம் மட்டோ என்றுகூட அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

ஒருநாள் எங்கிருந்தோ முலாம்பழமும் வேறு சில பழங்களும் கிடைத்தன. ஆசையாகக் கொண்டுவந்து சித்தியிடம் நீட்டினார். சித்தியின் குடும்பப் பெயர் ரென். அவர் பழத்தைத் தொடவில்லை. தினமும் மூவகை இறைச்சி சமைத்துப் போட்டாலும் அது பெற்றவர்களுக்குச் செய்யும் கடமை ஆகிவிடாது என்றார். 20 வயது தாண்டியும் கண் புத்தகத்தில் இல்லை, மனம் நல்ல வழியில் இல்லை, என்னை ஆறுதல்படுத்த உன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். மகன் நல்லபடி வளர மெங்சியஸின் தாய் மூன்று முறை வீடு மாறிய கதையைச் சொன்னார். நான்தான் அண்டைவீட்டாரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காமல் போனேனோ, வளர்த்த விதத்தில் குறை வைத்தேனோ என்று தன்னையே நொந்துகொண்டார். கடைசியில், நீ படித்தால் லாபம் உனக்குத்தான், எனக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்லி அழுதார்.

திட்டியிருந்தால் வாசலைத் தாண்டிப் போயிருப்பார். அழுதது சுட்டுவிட்டது.

அதே ஊரில் ஸி தான் என்ற ஆசிரியர் இருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார். வீட்டில் காசு இல்லை, வயலில் உழைத்தால்தான் சோறு. அதனால் நிலம் கொத்தப் போகும்போதும் நூலைக் கையோடு எடுத்துப்போவார். நாளடைவில் சாப்பாடும் தூக்கமும் மறந்துபோகிற அளவுக்குப் படிப்பு முற்றியது. ஊரார் புதுப்பெயர் வைத்தார்கள். புத்தக போதை பிடித்தவர் என்று அதற்குப் பொருள். மட்டி என்று பேசிய அதே வாய்கள்தான்!

40 வயதில் சித்தப்பா வீட்டிலிருந்து பிறந்த குடும்பத்துக்கே திரும்பினார்.

உடம்பு படுத்திய பாடு

நோய் முப்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. சீன மருத்துவத்தில் காற்று நோய் என்று ஒரு வகை உண்டு. நம்ம ஊரில் வாதம் என்று சொல்வதற்குக் கிட்டே வரும். உடம்பின் ஒரு பாதி உணர்ச்சி குறைந்து மரத்துப்போனது. வலது கால் மற்றதைவிடச் சிறுத்தது. பின்னர், 256-க்கும் 260-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வாத நோயோடு காதும் சேர்ந்துகொண்டது. 100 நாள் காது கேட்காமல் கிடந்தார்.

வந்த வைத்தியர்கள் செய்த சிகிச்சை எதுவும் பிடிபடவில்லை. அவர்களுக்கு விஷயம் மேலோட்டமாகத்தான் தெரிகிறது என்று அவருக்குப் பட்டது. படித்த மனிதருக்கு எரிச்சல் வந்தால் என்ன செய்வார்? தானே நூலைப் புரட்டத் தொடங்கினார். பெற்றோர் கொடுத்த உடம்பை வைத்துக்கொண்டு மருத்துவம் தெரியாமல் இருப்பவன் அலைகிற ஆவிக்குச் சமம் என்கிற அளவுக்கு அதில் அவருக்கு வேகம் இருந்தது. எவ்வளவு பாசமும் விசுவாசமும் இருந்தாலும், அப்பா அம்மா படுக்கையில் கிடக்கும்போது என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அதனால் என்ன பயன் என்பது அவர் வாதம்.

இன்னொரு தவறும் நடந்தது. இதை மறைத்துவிட்டு இவர் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

அந்தக் காலத்தில் மேட்டுக்குடியினரிடையே ஒரு பொடி நாகரிகமாகப் பரவியிருந்தது. குகைக் கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கல், கந்தகம், படிகக் கல் முதலியவற்றை அரைத்துச் செய்த பொடி. குளிருணவுப் பொடி என்று பெயர். வெய் அரசவையில் இருந்த ஹெ யென் என்பவர்தான் அதைப் பிரபலமாக்கியவர். சாப்பிட்டால் உடம்பு கொதிக்கும். சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த உணவு, குளிர்ந்த நீர், மெல்லிய உடை, நீண்ட நடை என்று வரிசையாக விதிகள். மது மட்டும் சூடாக இருக்கவேண்டும். விதி தப்பினால் ஆபத்து. வரைபடக் கலைக்குப் பேர்போன அமைச்சர் பெய் சியு, இந்தப் பொடிக்குப் பிறகு குளிர்ந்த மதுவைக் குடித்து 271-இல் இறந்தார்.

ஹுவாங்ஃபூ மியும் அதைச் சாப்பிட்டார். முறை பிசகிவிட்டது. ஏழு ஆண்டு அவதி. உறையும் குளிர்காலத்தில் உடையைக் களைந்து பனிக்கட்டியைத் தின்றார். கோடையில் மூச்சு முட்டும், இருமல் பிடுங்கும், கைகால் வீங்கும். ஒரு கட்டத்தில் உயிரை விட்டுவிடலாம் என்றே துணிந்தார். சித்திதான் எடுத்துச் சொல்லித் தடுத்தார்.

பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பொடியால் வரும் கேடுகளையும், வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதையும் எழுதிவைத்தார். உறவினர் ஒருவருக்கு நாக்கு உள்ளிழுத்துக்கொண்டது, தெரிந்தவர் ஒருவருக்கு முதுகில் புண் குழிவிழுந்தது, இன்னொருவர் குடும்பத்தில் ஆறு சாவு... பெயர் சொல்லியே பதிந்திருக்கிறார். 610-இல் வந்த ஒரு பெரிய மருத்துவத் தொகுப்பில் அந்தப் பகுதிகள் இன்றும் இருக்கின்றன. பிரபலமானவர்கள் சாப்பிடுகிறார்களே என்று எதையும் வாங்கி விழுங்குகிற பழக்கம் சமூக ஊடகத்தோடு வந்ததில்லை, பாருங்கள்.

மூன்று நூல், ஒரே குழப்பம்

இனி அந்தப் பெரிய வேலைக்கு வருவோம்.

ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முன்பே பல நூறு ஆண்டுகளாக இருந்தவை. மூலிகைச் சூடு என்பது மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து, பஞ்சாக்கி, சிறு கூம்பாக உருட்டி, புள்ளியின்மேல் வைத்துப் பற்றவைப்பது. இவை பற்றிய நூல்களும் இருந்தன. அவர் கையில் மூன்று கிடைத்தன. இரண்டு, மஞ்சள் பேரரசர் பெயரால் வழங்கிய பழைய மருத்துவ நூலின் பகுதிகள். மூன்றாவது, புள்ளிகளின் இடத்தையும் பயனையும் சொன்ன மிங்தாங் என்ற நூல்.

மூன்றையும் படித்தால் தலை சுற்றும். ஒன்றில் சொன்னதை மற்றொன்று திரும்பச் சொல்லும். ஒரே விஷயம் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். தவறுகளும் உண்டு. நோயாளி வலியில் துடிக்கும்போது வைத்தியர் எந்தச் சுவடியை எடுப்பார், எந்தப் பக்கத்தைத் தேடுவார்?

ஹுவாங்ஃபூ மி மூன்றையும் பிரித்தார். ஒரே பொருளைப் பேசுகிற வரிகளை ஒன்றாகச் சேர்த்தார். மிகையை வெட்டினார். திரும்ப வந்ததை நீக்கினார். மிஞ்சிய சாரத்தை 12 பகுதியாக, 128 அத்தியாயமாக அடுக்கினார். அதுதான் ஸென்ஜியு ஜியாயி ஜிங். ஸென்ஜியு என்றால் ஊசியும் சூடும். ஜியா, யி என்பவை சீன வரிசைக் குறிகளில் முதல் இரண்டு, நம்ம அ, ஆ மாதிரி. முழுதாக நம் கைக்கு வந்திருக்கும் அக்குபங்சர் தனிநூல்களில் ஆகப் பழையது இதுவே.

அதன் மூன்றாம் பகுதிதான் புள்ளிகளின் பகுதி. 349 பெயர்கள். அவற்றில் 49 உடம்பின் நடுக்கோட்டில் இருப்பவை. மீதி 300 இடமும் வலமுமாக இரட்டை. ஆக மொத்தம் உடம்பில் 649 இடங்கள். தலை, முகம், மார்பு, வயிறு, முதுகு ஆகியவற்றில் வட்டாரம் வட்டாரமாகக் கோடு போட்டு அடுக்கினார். கை கால்களில் மட்டும் சக்தி நாளங்களின்படி அடுக்கினார்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் எங்கே, ஊசி எவ்வளவு ஆழம் போகலாம், எத்தனை மூச்சு நேரம் விட்டுவைக்கலாம், எத்தனை கூம்பு சூடு வைக்கலாம் என்ற குறிப்பு உண்டு. எங்கே குத்தக்கூடாது என்றும் உண்டு. தொப்புள் அப்படித் தடை விதிக்கப்பட்ட இடம். பிந்திய பகுதிகளில் வரிசை தலைகீழாக மாறும். நோயின் பெயர் முதலில், அதற்குரிய புள்ளிகள் பிறகு. கடைசிப் பகுதியில் மகளிர் நோயும் குழந்தை நோயும் வருகின்றன. காது நோய்க்கும் அங்கே தனி அத்தியாயம் இருக்கிறது. 100 நாள் காது கேட்காமல் கிடந்தவர் அதைத் தொகுத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இந்த வேலையின் அருமை பின்னால்தான் புரிந்தது. அவர் பயன்படுத்திய மிங்தாங் நூல் காலப்போக்கில் அழிந்துபோனது. அதில் இருந்த விஷயம் நமக்குத் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் இவர் எடுத்து எழுதியதால்தான்.

வயிற்றின் பாதை எங்கே போகிறது?

சக்தி நாளம் என்று சொன்னோமே, அது என்ன? சீன மருத்துவக் கருத்துப்படி உடம்பில் சி என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது. அது ஓடும் பாதைகளே நாளங்கள். உடம்பின் இரு பக்கமும் பன்னிரண்டு, நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு. பாதையில் அடைப்பு வந்தால் நோய். புள்ளியைத் தூண்டினால் அடைப்பு விலகும். இது அந்த மரபின் விளக்கம்.

உதாரணத்துக்கு, நீங்கள் முதலில் அழுத்திப் பார்த்த ஸூசான்லி இருக்கும் வயிற்று நாளத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வயிறு. ஆனால் தொடங்குவது கண்ணுக்குக் கீழே! முதல் புள்ளி செங்ச்சி. கண்ணீரைத் தாங்குவது என்று பொருள், என்ன அழகான பெயர்! கண் கோளாறுகளுக்கு அதைச் சொல்வார்கள். ஆனால் வீட்டில் யாரும் அங்கே விளையாடிவிட வேண்டாம். பாதை தாடைக்கு வருகிறது. பல்லைக் கடித்தால் புடைக்கிற தசையில் ஜியாச்ச. பல்வலி, வாய் கோணல் ஆகியவற்றுக்கு மரபு சொல்லும் இடம். பிறகு கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றுக்கு வருகிறது. தொப்புளின் இரு பக்கமும் தியேன்ஷூ. மலச்சிக்கலுக்கும் அதுவே, வயிற்றுப்போக்குக்கும் அதுவே. இரண்டு எதிரெதிர்த் தொல்லைக்கு ஒரே புள்ளியா என்று கேட்கலாம். கூடினாலும் குறைந்தாலும் சமநிலைக்குக் கொண்டுவருவதே வேலை என்பது மருத்துவர்களின் பதில்.

அப்புறம் தொடை, முழங்கால், ஸூசான்லி. முன்காலின் நடுவே ஃபெங்லோங், சளிக்கு. இரண்டாவது, மூன்றாவது கால்விரலுக்கு இடையே நெய்டிங், அதுவும் பல்வலிக்கு. வாயில் வலி, காலில் ஊசி! ஒரே பாதையின் இரு முனை என்பதால் அப்படி. இரண்டாம் கால்விரலின் நக ஓரத்தில் பாதை முடிகிறது. இன்றைய கணக்கில் இந்த ஒரு நாளத்தில் மட்டும் பக்கத்துக்கு 45 புள்ளிகள். ஸூசான்லி அதில் 36-ஆவது.

அதன் பெயரில் லீ என்பது தூர அளவு. இப்போதைய கணக்கில் அரைக் கிலோமீட்டர். அங்கே தூண்டிவிட்டால் களைத்துப்போன வழிப்போக்கர் இன்னும் மூன்று லீ நடப்பார் என்று மக்கள் விளக்கம் சொல்வதுண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-இல் வடக்கே நெடும்பயணம் புறப்படும் முன் இந்த இடத்தில்தான் சூடு வைத்துக்கொண்டார். பயணநூலின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு நுட்பம். நான்கு விரல் என்றோமே, யாருடைய விரல்? நோயாளியின் விரல். குழந்தைக்குக் குழந்தையின் அளவு, பெரியவருக்குப் பெரியவரின் அளவு. இந்த அளவுக்கு சூன் என்று பெயர். ஒரு கட்டைவிரல் அகலம் ஒரு சூன், நான்கு விரல் அகலம் மூன்று சூன். மருத்துவர் தன் கையை வைத்து அளந்தால் நோயாளியின் உடல்வாகுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். அடிக்கோலில் அளக்காமல் உடம்பாலேயே உடம்பை அளந்ததால்தான் நாடு மாறினாலும் புள்ளி மாறவில்லை.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

நியாயமான கேள்வி. உடம்பை அறுத்துப் பார்த்தால் நரம்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியும். சக்தி நாளம் என்று தனியாக ஓர் உறுப்பு தெரியாது. அப்படி ஒன்று இருப்பதை இன்றைய உடற்கூற்றியல் உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் சில பயன்களுக்கு ஆய்வின் ஆதரவு இருக்கிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உட்பக்கம் இருக்கும் நெய்குவான் என்ற புள்ளியைத் தூண்டினால் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய குமட்டல் குறைவதைப் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள்பட்ட முதுகுவலி, முட்டிவலி ஆகியவற்றிலும் சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் சரியான புள்ளியில் குத்துவதற்கும் சும்மா பாவனையாகக் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பல சோதனைகளில் சிறியதாகவே இருக்கிறது. மற்ற பல பயன்கள் மரபு சொல்வதோடு நிற்கின்றன. நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கம் செயலிழப்பது போன்றவற்றுக்குப் புள்ளி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேராக மருத்துவமனைதான்.

ஊசி என்பதால் ஆபத்தும் உண்டு. சுத்தம் இல்லாவிட்டால் கிருமித் தொற்று. மார்புப் பகுதியில் ஆழம் தப்பினால் நுரையீரலில் துளை. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு ஆழம் என்று ஹுவாங்ஃபூ மி அவ்வளவு மெனக்கெட்டு எழுதியது சும்மா இல்லை. ரத்தத்தை நீர்க்கச்செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தி வீசுகிற வகையா என்று தயங்காமல் கேளுங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி அக்குபங்சர் செய்பவர் பாரம்பரிய சீன மருத்துவர்களுக்கான வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். மலேசியாவில் 2016-இல் பாரம்பரிய, துணைநிலை மருத்துவத்துக்கென்று தனிச்சட்டம் வந்தது.

பேரரசர் கூப்பிட்டும் போகாதவர்

மறுபடி அவரிடம் போவோம். பெயர் பரவியது. பதவிகள் தேடி வந்தன. ஒவ்வொன்றையும் தட்டிக்கழித்தார். கொஞ்சம் வெளியே போய் நாலு பேரைப் பார்த்துப் பழகினால் முன்னுக்கு வரலாமே என்று ஊரார் சொன்னதற்கும் மசியவில்லை.

266-இல் ஜின் வம்சத்தின் பேரரசர் வூ அரியணை ஏறினார். அவரும் அழைத்தார், திரும்பத் திரும்ப அழைத்தார். அதற்கு ஹுவாங்ஃபூ மி எழுதி அனுப்பிய விண்ணப்பத்தில்தான் அவருடைய நோயின் முழு வரலாறும் இருக்கிறது. பாதி உடம்பு மரத்து 19 ஆண்டு, பொடியின் அவதி 7 ஆண்டு, பனிக்கட்டி தின்ற கதை எல்லாம் நமக்குத் தெரிவது அந்தக் கடிதத்தால்தான். கடைசியில் பேரரசர் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு இவர் செய்ததுதான் வேடிக்கை. பதவி வேண்டாம் என்றவர், புத்தகம் இரவல் வேண்டும் என்று அதே பேரரசரிடம் கேட்டார்! பேரரசரும் கோபப்படவில்லை. ஒரு வண்டி நிறைய நூல்களை அனுப்பிவைத்தார். படுத்த படுக்கையிலும் அவற்றைக் கையில் வைத்தபடி இருந்தார்.

பதவி பற்றிய அவர் மனநிலைக்கு ஒரு சம்பவம் போதும். ஒன்றுவிட்ட அத்தை மகன் லியாங் லியு மாவட்ட ஆளுநராக நியமனம் பெற்றார். விருந்து வைத்து வழியனுப்பச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள். மாட்டேன் என்றார். பதவி இல்லாத காலத்தில் அவன் இங்கே வந்தபோது வாசலைத் தாண்டிப் போய் வழியனுப்பியதில்லை, உப்புக் காய்கறிதான் போட்டேன், இப்போது மதுவும் இறைச்சியும் வைத்தால் அது ஆளுநர் பதவிக்கு மரியாதை, லியாங் லியுவுக்கு அவமரியாதை என்றார். நம்ம குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். நல்லவர்தான், ஆனால் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

வரலாறும் நிறைய எழுதினார். பழைய அரசர்களின் காலவரிசை, பதவியை மறுத்த சான்றோர்களின் வாழ்க்கை, சிறந்த பெண்களின் வாழ்க்கை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஸோ சி என்ற இளம் எழுத்தாளர் மூன்று தலைநகரங்களைப் பற்றி எழுதிய நெடும்பாட்டை முதலில் யாரும் சீண்டவில்லை. ஹுவாங்ஃபூ மி முன்னுரை எழுதியபின் எல்லாரும் அதைப் படியெடுக்க முண்டியடித்தார்கள், லோயாங் நகரில் தாள் விலையே ஏறிவிட்டது என்று வரலாறு சொல்கிறது. ஒரு புத்தகம் அமோகமாக விற்றால் லோயாங்கில் தாள் விலை ஏறியது என்று சீனர்கள் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அவருடைய மாணவர்கள் பெரிய ஆளானார்கள். சாங் குய் என்பவர் வடமேற்கில் ஓர் அரசுக்கே அடித்தளம் போட்டவர்.

பாயில் சுற்றிய உடல்

அவர் எழுதிவைத்த உயில் அந்தக் காலத்துக்குப் பெரிய அதிர்ச்சி. பிரபுக்கள் கல்லறைக்குள் பொன்னும் பட்டும் கொட்டிப் புதைக்கிற காலம் அது. தனக்குச் சவப்பெட்டியே வேண்டாம் என்றார். செல்வத்தைப் புதைப்பது திருடனை வா என்று கூப்பிடுவதற்குச் சமம் என்பது அவர் கணக்கு. முரட்டுப் பாயில் சுற்றி, சமைக்கப்படாத வெற்றுநிலத்தில் பத்தடிக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், மேலே மேடு எழுப்பவேண்டாம், மரம் நடவேண்டாம், புல் முளைத்து இடம் தெரியாமல் போகட்டும் என்று அளவோடு எழுதிவைத்தார். கூட வைக்கச் சொன்னது ஒன்றே ஒன்று: பெற்றோருக்குச் செய்யும் கடமை பற்றிய நூலின் ஒரு சுருள். முலாம்பழம் கொண்டுவந்த அன்று சித்தி எடுத்துக்காட்டிய அதே நூல்.

282-இல் இறந்தார். சீனக் கணக்கில் வயது 68. மகன்கள் இருவரும் அப்பா சொன்னபடியே செய்தார்கள்.

நோய் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. காலும் சரியாகவில்லை, பொடியின் விளைவும் முழுதாக விடவில்லை. 34, 35 ஆண்டுகள் நோயோடுதான் வாழ்ந்தார். ஊசி நூல் எழுதி ஊசியால் குணமானார் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் வாழ்க்கை அப்படி முடியவில்லை.

648-இல் தாங் அரசவை எழுதி முடித்த ஜின் வம்ச வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. மருத்துவர்களோடு சேர்க்காமல் அறிஞர்களோடு சேர்த்திருக்கிறார்கள். அவர் எழுதிய நூல்களின் வரிசையும் இருக்கிறது. அந்த வரிசையில் ஜியாயி ஜிங் இல்லை! இன்று அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது எந்த நூலுக்காகவோ, அதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் நூல் தன் பாட்டுக்குப் பயணம் போய்க்கொண்டிருந்தது. கொரியாவின் சில்லா அரசு 692-இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது பாடநூல்களில் இதுவும் ஒன்று. ஜப்பானின் 701-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மருத்துவ மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய நூல்களில் இதையும் சேர்த்தது. 1027-இல் சோங் அரசவை மருத்துவர் வாங் வெய்யி ஆளுயரத்துக்கு இரண்டு வெண்கல மனிதர்களை வார்த்து, உடம்பெங்கும் புள்ளிகளைத் துளையிட்டுக் காட்டினார். அதற்குள் பெயர்கள் 354 ஆகியிருந்தன.

2008-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் புள்ளிகளின் இடத்தை வரையறுத்து நூல் வெளியிட்டது. சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றின் வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. ஒரே பெயர், நாட்டுக்கு நாடு சற்று வேறு இடம் என்று சில புள்ளிகளில் சிக்கல். ஹுவாங்ஃபூ மி மூன்று சுவடிகளை வைத்துக்கொண்டு போராடிய அதே சிக்கல்தான். பேசி முடித்தபோது வந்த எண்ணிக்கை 361. அவர் எழுதிவைத்த 349-உடன் ஒப்பிட்டால் 12 கூடுதல்.